சமையலறைக்கு வந்த எஸ்பிரெசோ இயந்திரம்

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒரு மூலையில் 'உஸ்' என்று சீறும் இயந்திரத்தின் முன் கூட்டம் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 'எக்ஸ்பிரசோ காபி' என்று அதற்குப் பெயர். பாலில் நீராவியைப் பாய்ச்சி நுரை பொங்க வைப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. இத்தாலியர்கள் எஸ்பிரெசோ என்று சொல்வது வேறு. மிக நைசாக அரைத்து, இறுக்கி வைத்த காபிப்பொடியின் ஊடே வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் இறக்கும் சில மடக்குக் கெட்டிக் காபியே அது. நம் பில்டரில் தண்ணீர் தானாகச் சொட்டுகிறது. அங்கே அதைத் தள்ள வேண்டியிருக்கிறது.

தள்ளுவது யார்? நீராவியா, மனிதனின் கையா, மின்சாரமா? எஸ்பிரெசோ இயந்திரத்தின் வரலாறு என்பது இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறுதான். வியப்பு என்னவென்றால், பழைய விடைகளும் கடையை விட்டுப் போய்விடவில்லை. எல்லாம் இன்றும் அருகருகே விற்பனைக்கு இருக்கின்றன. எனவே வீட்டுக்கு ஓர் இயந்திரம் வாங்க நினைப்பவருக்கு இந்த வரலாறு நேரடியாகவே உதவும்.

நீராவியின் காலம்

1884ல் இத்தாலியின் துரின் நகரில் நடந்த பொருட்காட்சியில் ஆஞ்சலோ மொரியோண்டோ என்பவர் நீராவியால் காபி தயாரிக்கும் இயந்திரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அது மொத்தமாகக் காபி இறக்கும் இயந்திரம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பையாக இறக்கும் முறைக்கு 1901ல் மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா காப்புரிமை கோரினார். அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி, 1905 முதல் இயந்திரங்களைத் தயாரித்து விற்றார்.

இவற்றில் கிடைத்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு பார். அதற்குமேல் வேண்டுமானால் பாய்லரை இன்னும் சூடாக்க வேண்டும். சூடு கூடினால் காபி கருகிய ருசிக்குப் போய்விடும். ஆக, அழுத்தத்தைக் கூட்டினால் ருசி கெடும் என்பதே நீராவி முறையின் அடிப்படைச் சிக்கல்.

வீட்டுக்குள் முதலில் நுழைந்ததும் நீராவிதான். 1933ல் அல்போன்சோ பியாலெட்டி உருவாக்கிய 'மோக்கா எக்ஸ்பிரஸ்' என்ற எட்டுப் பட்டை அலுமினியப் பாத்திரம், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இத்தாலிய வீடுகளில் பரவலாக இடம் பிடித்தது. அடியில் தண்ணீர், நடுவில் பொடி, மேலே காபி. விலை மலிவு, பழுது குறைவு. ஆனால் அழுத்தமும் குறைவு என்பதால் அது தருவது கெட்டிக் காபியே தவிர எஸ்பிரெசோ அல்ல.

கையின் வலிமை

சிக்கலை அவிழ்த்தவர் மிலானில் காபிக் கடை நடத்திய அக்கீலே காஜியா. 1938ல் நீராவி இல்லாமல் காபி இறக்கும் முறைக்குக் காப்புரிமை கோரிய அவர், போருக்குப் பின் 1947ல் நெம்புகோல் முறையைக் கொண்டுவந்தார். கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். வெந்நீர் பொடியின் மேல் வந்து நிற்கும். பிடியை விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் எட்டு, ஒன்பது பார் வரை எட்டியது.

சூடு வேறு, அழுத்தம் வேறு என்று பிரித்ததுதான் காஜியாவின் சாதனை. காபியின் மேல் பொன்னிற நுரை படிந்தது இதற்குப் பின்னர்தான். 'கிரெமா' எனப்படும் அந்த நுரையே இன்று எஸ்பிரெசோவின் அடையாளம்.

நெம்புகோல் வீட்டுக்கும் வந்தது. 1952ல் காஜியா நிறுவனம் 'கில்டா' என்ற சிறு இயந்திரத்தையும், 1961ல் லா பவோனி நிறுவனம் 'யூரோபிக்கோலா'வையும் வெளியிட்டன. பின்னதில் ஸ்பிரிங்கும் கிடையாது. முழு அழுத்தமும் கையால்தான். கை பழகும் வரை காபி ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் கசக்கும். பழகியவர்களோ அதை எளிதில் விடுவதில்லை.

மின்சாரத்தின் வரவு

1961ல் ஃபேமா நிறுவனத்தின் எர்னெஸ்டோ வலெண்டே, மின்சாரப் பம்பால் ஒன்பது பார் அழுத்தம் தரும் 'இ61' இயந்திரத்தை வெளியிட்டார். அவ்வாண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தின் நினைவாக வந்த பெயர் அது. தோள்வலி இல்லாமல், ஒரே அளவில், கோப்பைக்குக் கோப்பை காபி வந்தது.

அதிர்வுப் பம்பு என்ற சிறிய, மலிவான பம்பு இந்த வசதியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. 1991ல் வந்த காஜியா கிளாசிக், 1997ல் வந்த ரான்சிலியோ சில்வியா ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இரண்டிலும் ஒரே பாய்லர். காபி இறக்கிய பிறகு, பால் நுரைக்க நீராவி வரும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டும்.

அடுத்து மனிதனின் திறமையையே இயந்திரம் எடுத்துக்கொண்டது. 1985ல் சேகோ நிறுவனம் கொட்டையை அரைத்து, அழுத்தி, காபி இறக்கி, சக்கையையும் தள்ளிவிடும் முழுத்தானியங்கி வீட்டு இயந்திரத்தை வெளியிட்டது. 1986ல் சந்தைக்கு வந்த நெஸ்பிரெசோ, பொடியை அலுமினியக் குப்பிக்குள் அடைத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு குப்பி வாங்கியாக வேண்டும். இயந்திரத்தின் விலையில் மிச்சமானது குப்பியில் போய்விடும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

1998ல் தொடங்கப்பட்ட இத்தாலிய தேசிய எஸ்பிரெசோ அமைப்பு வகுத்த அளவு இது: ஏறத்தாழ 7 கிராம் பொடி, 9 பார் அழுத்தம், 25 விநாடி, 25 மில்லிலிட்டர் காபி. பெட்டியின் மேல் '15 பார்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதில் மயங்க வேண்டியதில்லை. அது பம்பின் உச்ச திறன் மட்டுமே. தேவை ஒன்பதுதான். அதேபோல் பம்பே இல்லாமல் 'எஸ்பிரெசோ' என்ற பெயரில் விற்கும் மலிவு இயந்திரங்களும் உண்டு. அதை வாங்குபவர் 1901ஆம் ஆண்டை வாங்குகிறார்.

காலையில் அவசரமாக ஒரு கோப்பை போதும் என்பவருக்குக் குப்பி இயந்திரம் பொருந்தும். நாலு பேர் அடுத்தடுத்துக் கேட்கும் வீட்டுக்கு முழுத்தானியங்கி நல்லது. ஆனால் அதைக் கழுவிப் பராமரிக்கும் வேலை தொடர்ந்து இருக்கும். காபி போடுவதையே ஒரு கலையாகப் பழக விரும்புபவருக்கு நெம்புகோலோ ஒற்றைப் பாய்லரோ ஏற்றது. பாலும் காபியும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் இரட்டைப் பாய்லர் அல்லது இ61 வகை. அதற்கு இடமும் பணமும், சூடாகும்வரை பொறுமையும் வேண்டும். பணம் குறைவு என்றால் மோக்கா பாத்திரத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தானே பொடி போட்டு இறக்க விரும்புபவர் மறக்கக்கூடாத இன்னொன்று கிரைண்டர். ஒரே சீராக அரைபடாத பொடியில் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் தோற்றுப் போகும். கையிலுள்ள பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

மொரியோண்டோ முதல் குப்பி வரை ஒவ்வொரு கண்டுபிடிப்பும் மனிதனிடமிருந்து ஒரு வேலையை வாங்கிக்கொண்டது. கூடவே அவன் கட்டுப்பாட்டில் இருந்த ஒன்றையும் எடுத்துச் சென்றது. எந்த வேலையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள விருப்பம் என்று முடிவு செய்துவிட்டால், எந்த இயந்திரம் என்பது தானே தெரிந்துவிடும்.