காதில் இருந்த பாட்டு திரைக்கு வந்தபோது

புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணம், தொண்டைமான் மன்னர்கள் குலதெய்வமாகப் போற்றிய பிரகதாம்பாளின் கோயிலாலும் அரசு அருங்காட்சியகத்தாலும் பலருக்கும் அறிமுகமான ஊராயினும், தமிழிசை வரலாற்றில் அதற்குரிய இடத்தை அக்கோயிலின் குடைவரையை அடுத்த பாறையில் உள்ள ஒரு சிறு கல்வெட்டே சொல்லிவிடுகிறது. ‘பரிவாதினி’ என்னும் பழைய நரம்புக் கருவியின் பெயரைத் தாங்கிய அத்தகைய கல்வெட்டு திருமயத்திலும் உண்டு. சற்றுத் தொலைவில் உள்ள குடுமியான்மலையிலோ சுரக்கோவைகளே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த மான்பூண்டியா பிள்ளையும், அவர் வழியில் வந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், மிருதங்கம் ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில் அதை வாசித்துப் பெயர்பெற்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளும் இந்த வட்டாரத்தின் கொடை. இவ்வாறு தாளத்தில் ஊறிய காதுகளுக்கு இசை நாடகமும், அதன் தோளில் ஏறி வந்த பேசும் படமும் என்ன செய்தன என்பது தனியே ஆராயத்தக்க செய்தியாகும்.

மக்கள் ஏற்கனவே விரும்பிப் பாடும் பாட்டுகளை முதலில் வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றிக் கதை பின்னும் படைப்பை மேலைநாட்டார் ‘ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்’ என்பர். காசு போட்டால் கேட்ட பாட்டைப் பாடும் இசைத்தட்டுப் பெட்டியின் பெயரால் அமைந்த சொல் அது. தமிழில் அதற்குத் தனிப்பெயர் இல்லையெனினும், தமிழ்ப் பேசும் படம் தொடக்கத்தில் பெரிதும் அந்த வழியிலேயே நடந்தது. அதற்கு மூலமாக இருந்தவை சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள். மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுட்பம் கற்ற சுவாமிகள், கதையை அனைவரும் அறிந்திருப்பதால் அதைச் சொல்வதைவிடப் பாடுவதே முதன்மை என்ற அடிப்படையில் நாடகங்களை அமைத்தார். ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் முறையில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையில் சந்தித்து ஆட முடிந்ததென்றால், பாட்டும் மெட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததே காரணம். ‘ஒன்ஸ்மோர்’ குரல் எழுந்தால் பாட்டு மீண்டும் பிறக்கும். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொள்ள, தர்க்கம், அதாவது பாத்திரங்கள் பாட்டாலேயே வாதிடும் பகுதி, நள்ளிரவைத் தாண்டியும் நீளும். இவ்வாறு நீளவும் வளையவும் கூடிய பாட்டைத்தான் படக்காரர்கள் அளந்து வெட்டிய பிலிம் சுருளுக்குள் வைக்க முயன்றனர்.

1931 அக்டோபர் 31இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் காளிதாசனின் கதைக்குத் தொடர்பே இல்லாத தியாகராஜர் கீர்த்தனையும் தேசியப் பாடலும் இடம்பெற்றன. 1933இல் சாமிக்கண்ணு வின்சென்ட்டின் முயற்சியால் கல்கத்தாவில் உருவான ‘வள்ளி திருமணம்’ மேடைப் புகழையே முதலாகக் கொண்டு வென்றது. மேடையில் இணைந்து பாடிப் பெயர்பெற்ற எம்.கே. தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’யில் (1934) சுமார் ஐம்பது பாட்டுகள் இருந்தன. இவற்றைக் குறை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் குரலையே முதன்முறையாகத் திரையில் கேட்ட மக்களுக்குத் தெரிந்த பாட்டு ஒரு துணையாக இருந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

துணையாக இருந்ததே சுமையாகவும் ஆகக்கூடும் என்பதை ‘பக்த நந்தனார்’ (1935) காட்டியது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் வீடுதோறும் பஜனைதோறும் பாடப்பட்டவை. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவை 1933இல் இழந்து மேடையை விட்டு ஒதுங்கியிருந்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அந்த நாளில் எவரும் கேட்டிராத ஒரு லட்சம் ரூபாய் தந்து நந்தனாராக நடிக்க அழைத்தனர். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்தார். பாட்டும் குரலும் குறையற்றவை. எனினும் படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. கல்கி ஆனந்த விகடனில் அதைக் கடுமையாக விமர்சித்தார். கீர்த்தனையைக் கேட்கும்போது கேட்பவர் மனத்தில் எழும் நந்தனை விடத் திரையில் நின்ற நந்தன் சிறியவனாகத் தோன்றியதே தோல்வியின் வேர் எனக் கொள்ளலாம். 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ அதே கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதிய புதிய பாட்டுகளையும் சேர்த்து, தண்டபாணி தேசிகரின் தோற்றத்துக்கும் உணர்ச்சிக்கும் இடம் விட்டதால் நிலைத்தது.

குரல் சார்ந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. ஏவி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’யில் (1945), கிட்டப்பா மேடையில் பாடி நாடறியச் செய்த பாட்டையே டி.ஆர். மகாலிங்கம் பாட நேர்ந்தது. கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் அப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தன. ஒப்பீடு தவிர்க்க முடியாதது. கிட்டப்பாவைப் போலவே உயர்ந்த சுருதியை எட்டும் குரல் மகாலிங்கத்துக்கு வாய்த்திருந்ததால்தான் அந்தக் காட்சி பிழைத்தது. வள்ளியாக நடித்த குமாரி ருக்மணிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் பாட்டில் நிறைவடையாத தயாரிப்பாளர் மெய்யப்பச் செட்டியார், படம் முடிந்த பின் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ருக்மணியின் உதட்டசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்னும் பின்னணி முறை தமிழில் வேரூன்றியதற்கு, வள்ளியின் பாட்டை நெஞ்சில் சுமந்து வந்த மக்களிடம் தயாரிப்பாளர் கொண்ட அச்சமும் ஒரு காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

மெய்யப்பச் செட்டியாரே காரைக்குடியில் படமாக்கிய ‘நாம் இருவர்’ (1947) வேறு வழியைக் கண்டது. பாரதியார் பாட்டுகளைக் கதைமாந்தரின் பேச்சாகத் திணிக்காமல், கதைக்குள் நிகழும் ஆடலாகவும் பாடலாகவும் வைத்ததால், டி.கே. பட்டம்மாளின் குரலும் குமாரி கமலாவின் நடனமும் பாட்டின் பெருமையைக் குறைக்காமல் நின்றன. ஹாலிவுட்டில் ‘சிங்கிங் இன் தி ரெயின்’ (1952) பழைய பாட்டுகளுக்காகவே எழுதப்பட்டபோது, அவை பிறந்த காலமாகிய பேசும் படத்தின் தொடக்கத்தையே கதைக்களமாக்கினர். இரண்டிலும் பாட்டுக்கு நியாயமான வீடு ஒன்று கட்டப்பட்டது.

புதுக்கோட்டையில் பிறந்த பி.யு. சின்னப்பா (1916–1951) இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடை தனித்துவமானது. சுவாமிகளின் பாலர் சபையில் பயின்றவராதலால் மேடைப் பாட்டின் வலிமையை அவர் உள்ளிருந்தே அறிவார். ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் ஒரு காட்சி: நடுவே அமர்ந்து பாடுபவர் சின்னப்பா, சுற்றிலும் பக்கவாத்தியக்காரர்களாக அமர்ந்து வாசிப்பவர்களும் சின்னப்பாவே. ஒரே சட்டகத்துள் ஒரு முழுக் கச்சேரியாக அவர் பெருகி நிற்கும் அந்தக் காட்சியை எந்த நாடகக் கொட்டகையாலும் தர இயலாது. மேடையின் புகழைக் கடன் வாங்காமல், மேடை தந்த பயிற்சியை மட்டும் எடுத்துவந்து திரைக்கே உரிய பாட்டை அவர் படைத்தார். அந்த வட்டாரத்தின் லய மரபுக்குத் திரையில் கிடைத்த மிகச் சிறந்த மரியாதை அதுவே.

‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று இல்லை. அக்காலத்துப் படங்கள் பலவும் அவ்வாறே அழிந்தன. ஆனால் புதுக்கோட்டைச் சீமையின் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. திரை வெட்டி எறிந்த நீண்ட தர்க்கப் பாட்டுகள் முதிய ராஜபார்ட்டுகளின் தொண்டையிலும் ஆர்மோனியக் கலைஞர்களின் விரல்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. அவர்கள் இருக்கும்போதே அவற்றை முழு நீளத்தில் ஒலிப்பதிவு செய்து, திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்திலேயே மக்கள் கேட்கும்படி வைக்க அரசும் இசை அன்பர்களும் முன்வர வேண்டும்.