பெங்களூரில் செயலிவழி உணவு விநியோகம்

பெங்களூரில் முன்பு உணவகங்கள் தம் ஊழியர்களைக் கொண்டே அருகிலுள்ள வீடுகளுக்கு உணவு அனுப்பின. 2014இல் கோரமங்களாவில் தொடங்கிய ஸ்விக்கி, விநியோகத்துக்கெனத் தனி ஆட்களை அமர்த்தியது. இதனால் அவ்வசதியற்ற சிறு உணவகங்களும் தொலைவிலுள்ள வாடிக்கையாளர்களை எட்டின. டெல்லியில் 2008இல் உணவகத் தகவல் தளமாகத் தோன்றிய சொமாட்டோ, 2015இல் இத்தொழிலில் இறங்கியது.

உணவு கொண்டு சேர்ப்போரை நிறுவனங்கள் ஊழியர் என்னாமல் 'கூட்டாளி' என்கின்றன. ஒவ்வொரு விநியோகத்துக்கும் கூலி உண்டு; மாதச் சம்பளம் இல்லை. வண்டி, பெட்ரோல் செலவு அவர்களுடையது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இத்தகையோரைத் தனிப் பிரிவினராக வரையறுத்தது. கர்நாடகம் 2025இல் தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி, இவர்களுக்கு வழங்கும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்கள் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். காரணம் கூறாமல் பணிநீக்கம் செய்யவும் இயலாது.