முகஸ்துதி: ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழ்ப் பாடத்தில் ‘முகஸ்துதி’ என்றால் என்னவென்று கேட்டால், ஒருவரை நேருக்கு நேர் அளவுமீறிப் புகழ்வது என்று பிள்ளை எழுதும். அடுத்த பாடவேளை இஸ்லாம். அங்கே அதே சொல்லுக்கு, மனிதர் பார்க்க வேண்டும் என்பதற்காக அமல் செய்வது என்று எழுதும். இரண்டு விடையும் சரிதான். ஆனால் முதலாவதில் குற்றம் புகழ்பவனுடையது. இரண்டாவதில் புகழை எதிர்பார்ப்பவனுடையது. ஒரே சொல் எப்படி இப்படித் திரும்பி நின்றது? தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது நெடுநாள் கேள்வி.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முகம், ஸ்துதி என்ற இரண்டும் சேர்ந்த வடமொழித் தொடர் இது. ‘ஸ்து’ என்ற அடிக்குப் புகழ்தல் என்று பொருள். தமிழில் நாம் சொல்லும் ‘துதி’யும், கிறிஸ்தவர்கள் வழங்கும் ‘ஸ்தோத்திரமும்’ அதே அடியில் பிறந்தவை. ‘முகம்’ வடமொழியில் வாயையும் குறிக்கும். ரிக்வேதத்திலேயே அந்தப் பொருள் உண்டு. களனி கங்கை கடலில் விழும் இடத்தைக் கொழும்பில் ‘முகத்துவாரம்’ என்கிறோமே, அதில் இருப்பதும் வாய், திறப்பு என்ற பொருள்தான். இச்சொல் திராவிடத்திலிருந்து வடமொழிக்குப் போனதென்று டி. பரோ போன்ற அறிஞர்கள் கருதினார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு.

முகஸ்துதியில் வரும் முகமோ ஒருவருடைய முன்னிலையைக் குறிக்கிறது. முகத்துக்கு முன்னால் புகழ்வது முகஸ்துதி. முதுகுக்குப் பின்னால் இகழ்வது புறங்கூறல். முகமும் புறமும் தமிழில் நல்ல சோடி. வள்ளுவர் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார்.

தமிழ் பேசும் முஸ்லிம்கள் மார்க்கச் சொற்களை இரண்டு வழியில் ஆண்டார்கள். ஸகாத், ஹஜ் என்பவற்றை அரபியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஸலாத்துக்குத் தொழுகை, ஸவ்முக்கு நோன்பு என்று முன்பே தமிழில் இருந்த சொற்களை எடுத்தார்கள். குணக்கேடுகளுக்கும் அப்படித்தான். ஹஸத் பொறாமை ஆனது, கீபத் புறம்பேசுதல் ஆனது, நமீமத் கோள் ஆனது. இவையெல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தின. ‘ரியா’வுக்கு முகஸ்துதி என்று சொன்னபோது மட்டும் சட்டை கொஞ்சம் இழுபட்டது.

ரியா என்பது ‘பார்த்தல்’ என்ற அடியிலிருந்து வந்தது. இமாம் கஸ்ஸாலி தமது ‘இஹ்யா’வில் ரியாவுக்கென்று தனிப் பகுதி எழுதும்போது, அது பார்வையோடும், ‘சும்ஆ’ என்ற சொல் கேள்வியோடும் தொடர்புடையவை என்று விளக்குகிறார். பிறர் கண்ணில் பட வேண்டும் என்று செய்வது ரியா; பிறர் காதில் விழ வேண்டும் என்று செய்வது சும்ஆ. அரபி கண்ணையும் காதையும் சொல்ல, நாம் முகத்தைச் சொன்னோம். காரணம் இல்லாமலில்லை. காட்டுகிறவன் கடைசியில் தேடுவது என்ன? நாலு பேர் முகத்துக்கு நேரே “மாஷா அல்லாஹ், உங்களப் போல ஆரு?” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நோயை அது தேடும் மருந்தின் பெயரால் அழைத்த மாதிரி, ரியாவை அது தேடும் புகழின் பெயரால் அழைத்திருக்கிறோம்.

ஆனால் இதில் ஒரு நட்டமும் உண்டு. உண்மையான முகஸ்துதியைப் பற்றித் தனியான ஹதீஸ்கள் இருக்கின்றன. ஒருவர் இன்னொருவரை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் முன்னிலையில் புகழ்ந்தபோது, உம்முடைய தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீரே என்ற கருத்தில் கண்டித்தார்கள். புகழ்ந்து திரிபவர்களின் முகத்தில் மண்ணை வீசுமாறு வந்த அறிவிப்பும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. முகஸ்துதி என்ற சொல் முழுவதும் ரியாவுக்குப் போய்விட்டதால், இந்தக் குற்றத்துக்கு நம்மிடம் பெயரில்லாமல் போயிற்று. பெயரில்லாத குற்றம் குற்றமாகவே தெரிவதில்லை. மேடையில் தனவந்தரை அரை மணித்தியாலம் வானளாவப் புகழ்ந்துவிட்டு, அதே மேடையில் முகஸ்துதி கூடாதென்று பயான் செய்ய நம்மால் முடிகிறது.

அல்குர்ஆன் இவ்விடத்தில் ஒரு முகத்தைக் காட்டுகிறது. சூறத்துல் பகறாவின் 264ஆம் வசனம், மனிதருக்குக் காட்டச் செலவழிப்பவனை மண் படிந்த வழுக்குப் பாறைக்கு ஒப்பிடுகிறது. ஒரு பெருமழை போதும், மண்ணெல்லாம் கழுவுண்டு வெறும் பாறை மிஞ்சும். அதே சூறாவின் 272ஆம் வசனம், அல்லாஹ்வின் ‘வஜ்ஹை’ நாடியே செலவழிக்கப்படுவதைச் சொல்கிறது. வஜ்ஹு என்றால் முகம். இதைத் ‘திருப்பொருத்தம்’ என்றும் மொழிபெயர்க்கிறார்கள், கருத்துச் சரி. ஆனாலும் முகம் என்ற சொல் மறையும்போது ஓர் எதிர்நிலையும் மறைகிறது. ஒரு பக்கம் மனிதர்களின் முகங்கள், மறுபக்கம் அவனுடைய வஜ்ஹு. சூறத்துல் இன்ஸானின் 9ஆம் வசனத்தில் உணவளிப்போர், அந்த வஜ்ஹுக்காகவே தருகிறோம், உங்களிடம் கைம்மாறோ நன்றியோ வேண்டாம் என்கிறார்கள்.

இன்று உலர் உணவுப் பொதி கொடுக்கிறபோது வாங்குகிறவரின் முகத்தைப் படமெடுத்துப் போடுகிறோம். கொடுப்பவர் சிரிக்கிறார், வாங்குபவர் தலையைக் குனிகிறார். கணக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் பொதியை எடுக்கலாம், முகம் எதற்கு?

ஆகவே முகஸ்துதி என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லமாட்டேன். பள்ளியிலும் பாடசாலையிலும் ரியாவை ரியா என்றே சொல்லி, பிறகு விளக்குவோம். முகஸ்துதியை அதன் பழைய பொருளுக்கும் திருப்பிக் கொடுப்போம். அப்போது கேட்பவனுக்கும் புகழ்பவனுக்கும் தனித்தனியே பெயர் இருக்கும். இருவரில் எவரும் மற்றவரின் பெயருக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.