சுராங்கனியும் சின்ன மாமியும்: பைலா மெட்டில் ஒரு வரலாற்றுப் பாடம்



போன கிழமை தரம் பத்து வகுப்பில் ஓய்வுப் பாடவேளை. பின் வாங்கில் இருந்த பொடியன்மார் மேசையில் தாளம் போட்டு "சுராங்கனி" பாடிக்கொண்டிருந்தார்கள். "இது யார்ட பாட்டு?" என்று கேட்டேன். "இந்தியப் பாட்டு சேர், பழைய படத்தில வந்தது" என்றான் ஒருவன். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி உண்டா? அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அந்தப் பாட்டை ஊரெல்லாம் கொண்டு சென்றவர் எங்கள் நாட்டின் ஏ.ஈ. மனோகரன். 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" என்ற தமிழ்நாட்டுப் படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் அது ஒலித்தது. அதற்கு முன்பே இங்கே கல்யாண வீடுகளிலும் பஸ் பயணங்களிலும் அது பாடப்பட்டுக்கொண்டிருந்தது.

பொடியன்மார் மேசையில் போட்ட தாளத்தைக் கவனியுங்கள். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று. அது பைலாத் தாளம். போர்த்துக்கேயரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கக் காப்பிரிகளும் விட்டுச் சென்றது. புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628. பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். கோட்டை கை மாறியது, தாளம் மாறவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினும் மண்டலினும் றபானும் சேர்ந்து ஒலித்த கஃபிரிஞ்ஞாவின் பிள்ளைதான் பைலா. றபான் எங்கட ஆட்களுக்கும் சொந்தமான வாத்தியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி விசயத்துக்கு வருவோம். எழுபதுகளில் வாப்பாட கூட்டாளிமாருக்குள் ஒரு சண்டை. நித்தி கனகரத்தினமா, மனோகரனா? அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு. இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் முன்போல் வரவில்லை. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி உள்ளூர்ப் பாட்டுக்கு இடம் கொடுத்தது. பொப்பிசை வளர்ந்தது அப்படித்தான். திருகோணமலையில் பரமேஷ்-கோணேஷ் இசைக்குழுவும் இருந்தது. ஆனால் சண்டை முக்கியமாக இந்த இரண்டு பெயருக்கும்தான்.

நித்தி உரும்பிராய்க்காரர். ஆனால் அவருடைய பாட்டுக்குத் தொடக்கம் எங்கட பக்கம், அறுபதுகளில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த காலம். சிங்கள மாணவர்கள் பைலா பாடி ஆடும்போது தமிழில் அப்படி ஒன்று இல்லையே என்ற குறைக்கு அவர் கண்ட மருந்துதான் "சின்ன மாமியே". மருமகன் கேட்கிறான், மாமி பதில் சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. திண்ணையில் பேசும் பேச்சு, மேலே கீழே அதிகம் ஏறி இறங்காத மெட்டு. குரல் வளம் இல்லாதவனும் பாடலாம். எங்கட வயல்வெளிகளில் மச்சானும் மச்சியும் மாறி மாறிச் சொன்ன கவிகளின் அமைப்பும் இதுதானே! அதனால்தான் வடக்கில் பிறந்த பேச்சு கிழக்கில் இவ்வளவு சுலபமாக ஒட்டியது.

மனோகரனின் பலம் வேறு. அவர் மேடைக்குப் பிறந்தவர். ஆட்டம், குறும்பு, சபையைப் பாட வைக்கும் வித்தை, ஒரே பாட்டில் சிங்களமும் தமிழும் தடக்காமல் ஓடும் நாக்கு. சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்த கதையில் பெரிய இலக்கியம் இல்லை. ஆனால் அதைக் கேட்டுக் கால் அசைக்காமல் இருப்பவர் குறைவு. 1978இல் "வாடைக்காற்று" படத்திலும் நடித்தார். பிறகு தமிழ்நாட்டில் "சிலோன் மனோகர்" ஆனார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

என் தீர்ப்பைக் கேட்டால், பாட்டு எழுதுவதில் நித்தி, பாடிக் காட்டுவதில் மனோகரன். ஒருவர் கிணறு வெட்டினார், மற்றவர் தண்ணீரை ஊருக்கெல்லாம் கொண்டு போனார். பீட்டில்ஸா ரோலிங் ஸ்டோன்ஸா என்று உலகமே அடிபட்ட காலத்தில், ஸ்டோன்ஸ் குழுவின் இரண்டாவது இசைத்தட்டுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர்கள் பீட்டில்ஸின் லெனனும் மக்கார்ட்னியும்தான். 1963இல் நடந்தது. போட்டி பெரும்பாலும் ரசிகர்கள் தலையில்தான்.

இசை கூடுமா கூடாதா என்று கருத்துப் பெட்டியில் தொடங்க வேண்டாம், தயவுசெய்து. அதை ஆலிம்களிடம் கேளுங்கள். நான் சொல்வது வரலாறு.

வாப்பா சாய்ப்புக் கடையில் வானொலியைத் திருப்பி வைத்தால், பறங்கித் தச்சரும் தமிழ் மீன் வியாபாரியும் எங்கட ஆட்களும் ஒரே வாங்கில் இருந்து இந்தச் சண்டை பிடிப்பார்களாம். 1983 வந்தது, 1990 வந்தது. 1990 இந்த வாவிக் கரையில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாங்கு காலியானது. 2004இல் டச் பார் பறங்கியர் குடியிருப்பைக் கடலும் கொண்டு போனது. பாட்டு மட்டும் மிஞ்சியது. அதையும் எங்கட பிள்ளைகள் "இந்தியப் பாட்டு" என்கிறார்கள்.

அடுத்த பாடவேளையில் பொடியன்மாருக்கு இதைச் சொன்னேன். பின் வாங்குக்காரன் கேட்டான்: "அப்ப சேர், அந்த ஆக்களெல்லாம் ஒண்டா இருந்தாங்களா?"

"இருந்தாங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல மணி அடித்துவிட்டது.

உங்கட வாப்பா, உம்மா, அப்பப்பாவிடம் கேளுங்கள். அவங்க எந்தப் பக்கம், நித்தியா மனோகரனா? யாரோடு இருந்து கேட்டாங்க? கீழே எழுதுங்கள். நான் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.