கிணறு வெட்டியவர்கள் யார்? நெய்வேலியும் நம் மாவட்டத்து அருங்காட்சியகங்களும்

நெய்வேலியின் வரலாறு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலவுடைமையாளரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று தெரியவந்தது. 1956இல் நிறுவனம் உருவானது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் முதல் நிலக்கரி வெளியே வந்தது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு மின்சாரம் உற்பத்தியானது. விழா மேடையில் யார் பேசினாலும் இந்த வரிசை மாறாது.

இந்த வரிசையில் நிலத்துக்காரர் பெயர் இருக்கிறது, பிரதமர் பெயர் இருக்கிறது, உதவிய நாட்டின் பெயரும் இருக்கிறது. கூலிக்கு அந்த மண்ணை வெட்டியவர்களின் பெயர் மட்டும் இல்லை. பட்டா வைத்திருந்தவருக்கு வரலாறு உண்டு, உழைத்தவருக்கு இல்லை என்ற இந்த ஏற்பாடு நெய்வேலியோடு நிற்பதில்லை. நம் அருங்காட்சியகங்களும் இதே ஏற்பாட்டில்தான் நடக்கின்றன.

எந்த மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கும் போய்ப் பாருங்கள். கற்சிலை, ஐம்பொன் சிலை, செப்பேடு, நாணயம், வாள் என்று வரிசையாக இருக்கும். இவையெல்லாம் கோயிலும் அரண்மனையும் நிலமும் வைத்திருந்தவர்களின் பொருட்கள். கல்லும் உலோகமும் ஆயிரம் ஆண்டு தாங்கும். நம் முன்னோரின் ஓலைக் குடிசையும் பனையோலைப் பெட்டியும் ஒரு மழைக்காலத்துக்கே தாங்காது. அதனால் அங்கே நாம் இல்லை என்பதை வைத்து நமக்கு வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால், ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

அதே கல்வெட்டை நம் கண்ணால் படித்தால் வேறு செய்தி கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. வரி கட்ட வேண்டாத பகுதிகளைக் கழிக்கும்போது ஊர் இருக்கை, குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணசேரியும் வருகின்றன. சில ஊர்களில் தீண்டாச்சேரியும் வருகிறது. பறையருக்குத் தனிச் சுடுகாடு இருந்ததையும் அந்தக் கணக்கு காட்டுகிறது. பெருமைக்காக வெட்டிய கல்லே, ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர் வேறு, சேரி வேறு என்று இருந்ததற்குச் சாட்சியாக நிற்கிறது. வழிகாட்டி விமானத்தின் உயரத்தைச் சொல்வார். சேரியைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

அருங்காட்சியகத்துக்குள் நாம் நுழைந்த இன்னொரு வழியும் உண்டு. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். பறையர், பள்ளர், பழங்குடிகள் உட்படப் பல சாதியினரின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து எழுதினார். அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்களைக்கூட அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். நம் மக்கள் அங்கே பெயருள்ள மனிதர்களாக இடம் பெறவில்லை, அளவெடுக்கும் மாதிரிகளாகத்தான் இடம் பெற்றார்கள்.

இப்போது நெய்வேலிக்குத் திரும்புவோம். சுரங்கத்துக்கு நிலம் எடுத்த காலத்தில் நாட்டில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். அது நிலத்தில் உரிமை உள்ளவரைத்தான் பார்க்கும். நிலத்தில் நாற்று நட்டவரும் களத்தில் போரடித்தவரும் ஆடு மேய்த்தவரும் அந்தக் கோப்புக்குள் வரமாட்டார்கள். பட்டாதாரர் நிலத்தை இழந்தார், இழப்பீடு கேட்டுப் போராடினார். அந்த இழப்பீடும் போதுமானதாக இல்லை என்பது உண்மைதான். பட்டா இல்லாத கூலிக் குடும்பமோ வேலையை இழந்தது, குடியிருப்பை இழந்தது, இழந்தோம் என்று காட்டக் காகிதமும் இல்லாமல் நின்றது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய்க்காக நெற்பயிரை இயந்திரம் விட்டு அழித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பயிரின் விலை பேசப்பட்டது. அந்த அறுப்புக்குப் போயிருக்க வேண்டிய பெண்களின் கூலியைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இதில் ஒரு கதவைத் திறந்தது. நிலம் இல்லாவிட்டாலும், நிலம் எடுப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்து, அதையே முதன்மையான பிழைப்பாகக் கொண்டிருந்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் குடும்பங்களையும் அது பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்கிறது. ஆனால் அந்த 3 ஆண்டுகளை எதைக் காட்டி நிரூபிப்பது? பழைய ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, பள்ளிச் சான்றிதழ், சேரியில் எடுத்த ஒரு கல்யாணப் புகைப்படம் என்று இருப்பதைத்தான் காட்ட வேண்டும். நம் ஆவணங்களைச் சேர்த்து வைப்பது வரலாற்று ஆர்வத்துக்காக மட்டும் செய்யும் வேலையல்ல என்று சொல்வது இதனால்தான்.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள ஆல்புகெர்க்கி நகரில், 19 புவேப்ளோ பழங்குடிச் சமூகங்கள் தங்களுக்கே சொந்தமான பண்பாட்டு மையத்தை 1976 முதல் நடத்துகின்றன. தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியும் நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரி பூமிதான். அங்கே சுரங்கத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பாதியாகவோ அழிக்கப்பட்டன. அவற்றில் பல, சோர்பியர் என்னும் சிறுபான்மை இனத்தவரின் ஊர்கள். ஹோர்னோ என்ற ஊர் மக்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஊர் போனது. ஆனால் குடியமர்த்தப்பட்ட புதிய இடத்தில், 2006இல், மறைந்த ஊர்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் திறக்கப்பட்டது. நெய்வேலிச் சுரங்கம் விழுங்கிய ஊர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். அதில் ஊரின் பெயரோடு சேரியின் பெயரும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளி சிதம்பரத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாளுக்கு 2025இல் சிதம்பரத்தில் நினைவரங்கம் திறக்கப்பட்டது. நாடு முழுவதும் தீண்டாமையை ஆராய்ந்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் அவர். பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை மாணவராக இருந்தபோதே உடைத்தவரும் அவர்தான். சோழர் காலத்துப் பானை ஓடு கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். அந்தப் பானையின் ஓடும் அதே மதிப்புக்கு உரியது.

மாணவத் தோழர்களே, ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனால் மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள். இந்தப் பொருளைச் செய்தது யார்? வைத்திருந்தது யார்? விளக்கப் பலகையை எழுதியது யார்? பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பாட்சியரிடம் எழுத்து மூலமாகவும் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் வேலையைத் தொடங்குங்கள். இடம்பெயர்ந்த முதியவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய சேரியின் பெயர், தெருக்கள், குலதெய்வம் இருந்த இடம், சுடுகாடு, குடும்பங்களின் பெயர்கள், யார் வயலில் என்ன கூலி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் நுழைவுச் சீட்டையும் கூலி ரசீதையும் படமெடுத்து, தேதியும் இடமும் எழுதி, இரண்டு படிகள் வையுங்கள். ஒரு படி அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும். ஆண்டுதோறும் நடக்கும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் ஒரு மேசை கிடைத்தால்கூட, நம் முதல் அருங்காட்சியகத்தை அதில் வைக்கலாம்.

முதல் சுரங்கத்துக்காக ஊரை விட்டு வந்தபோது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. காலம் அதிகமில்லை. இந்த விடுமுறையிலேயே போய் உட்கார்ந்து கேளுங்கள்.

ஜெய்பீம்.