உருளை அளவியல்

உருளையின் கனஅளவையும் புறப்பரப்பையும் கணக்கிடும் வடிவியல் பகுதி. தானியக் களஞ்சியத்தையும் குழியையும் அளக்கும் தேவையிலிருந்து வளர்ந்ததால், இதில் கனஅளவே மூத்தது.

ஏறத்தாழ கி.மு. 1550இல் எகிப்திய எழுத்தர் ஆமெஸ் படியெடுத்த பாப்பிரஸ் சுருளின் 41ஆம் கணக்கு, 9 முழ விட்டமும் 10 முழ உயரமும் கொண்ட வட்டக் களஞ்சியத்தின் கொள்ளளவைக் கேட்கிறது. விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்தால் 8. அதன் வர்க்கத்தை உயரத்தால் பெருக்க 640 கன முழம். இன்றைய சூத்திரப்படி 636 சொச்சம். பை என்ற பேச்சே இல்லாமல் இவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள்.

பரப்பைத் தீர்த்துவைத்தவர் ஆர்க்கிமிடீஸ் (கி.மு. 3ஆம் நூற்றாண்டு). உருளைக்குள் கச்சிதமாக அடங்கும் கோளம், கனஅளவிலும் மொத்தப் புறப்பரப்பிலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு என நிறுவினார். அந்த உருவம் பொறித்த அவர் கல்லறையைக் கி.மு. 75இல் முட்புதருக்குள் கண்டதாகச் சிசரோ எழுதியிருக்கிறார்.

அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டப் பரப்பு என்பது ஆரியபடர் தந்த விதி. காரிநாயனாரின் கணக்கதிகாரம் அதையே தமிழ்ச் செய்யுளில் சொல்கிறது. பாஸ்கரரின் லீலாவதியில் (1150) குழி வெட்டும் கணக்குக்குத் தனிப் பகுதியே உண்டு.

மாணவர் இடறுவது சூத்திரத்தில் அல்ல, எந்தப் பரப்பு கேட்கப்படுகிறது என்பதில். 14 அடி விட்டம், 20 அடி ஆழத்தில் கிணறு வெட்டினால் 3,080 கன அடி மண் வெளியேறும். உட்சுவருக்குக் கல் கட்ட வேண்டியதோ 880 சதுர அடி. சுற்றளவை ஆழத்தால் பெருக்கினால் போதும். வாயும் தரையும் கணக்கில் சேராது. (பாடநூல்கள் 7, 14 என்றே விட்டம் கொடுப்பது 22/7க்குக் காட்டும் சலுகை.)

உருளைக் கணக்கு கிணற்றோடு நிற்பதில்லை, விண்மீன் ஒளிக்கும் பொருந்தும். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் அங்கு திறக்கப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. விண்மீன்கள் வெகு தொலைவில் இருப்பதால் அவற்றின் கதிர்கள் இணையாகவே வந்து விழுகின்றன. ஆகவே ஆடி ஒரு நொடியில் வாங்குவது, சுமார் 4.3 சதுர மீட்டர் அடிப்பரப்பும் 3 லட்சம் கிலோமீட்டர் நீளமும் கொண்ட உருளைக்குள் அடங்கிய ஒளி. 1972 முதல் அங்கிருக்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் உருளையின் நீளம் அதேதான். ஆரத்தின் வர்க்கம் மட்டுமே மாறுவதால், பெரிய ஆடி ஐந்து மடங்குக்கும் அதிகமான ஒளியைச் சேர்க்கிறது.