வினைமுற்றில் தொடங்கும் திருத்தம்: தமிழ் உரைநடைச் செம்மை குறித்து ஓர் ஆய்வு

1. நோக்கம்

எழுதப் பழகுவோருக்கு இலக்கணம், நடை, தொனி மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிப்பது வழக்கம். தமிழ்த் தொடரிலோ இம்மூன்றும் வினைமுற்றில் வந்து கூடுகின்றன. பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும் அச்சொல் திணை, பால், எண், இடம், காலம் காட்டுகிறது. முன்வந்த எச்சங்களைத் தாங்குகிறது. எழுதுபவர் பிறரை எப்படி மதிக்கிறார் என்பதையும் வெளிப்படுத்துகிறது. எனவே திருத்தம் வினைமுற்றில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. இலக்கணம்

2.1 எழுவாய் இயைபு: 'ஏரிகளின் பரப்பு சுருங்கின' என்னும் தொடரில் 'ஏரிகள்' என்ற பன்மை எழுதுபவரை இழுத்துவிட்டது. 'சுருங்கியது எது?' என்று கேட்டால் 'பரப்பு' என்னும் ஒருமை எழுவாய் தெரியும். 'சுருங்கியது' என்பதே சரி.

2.2 எச்ச இயைபு: 'கதவைத் திறந்து வெளிச்சம் வந்தது' என்பது அடிக்கடி காணும் பிழை. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் (செய்தவரின்) வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் விதி. இங்கே திறந்தவர் ஒருவர், வந்தது வெளிச்சம். 'கதவைத் திறந்ததும் வெளிச்சம் வந்தது' என்றால் குழப்பம் நீங்கும். 'கால் ஒடிந்து விழுந்தான்' எனச் சினையின் (உறுப்பின்) வினை முதலின் (உறுப்புடையவரின்) வினையோடு முடிவதற்கு இடமுண்டு.

3. நடை

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்தார். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சுருக்கம் அளவு மீறினால் அதுவும் குற்றமே.

3.1 மிகை: 'ஆய்வு மேற்கொண்டனர்' என்பதை 'ஆய்ந்தனர்' என்றும், 'உதவி புரிந்தார்' என்பதை 'உதவினார்' என்றும் எழுதலாம். பெயருக்குள் ஒளிந்த வினையை வெளியே எடுத்தால் தொடர் உயிர்பெறும்.

3.2 நீளம்: 'குழுவினர் ஊருக்குச் சென்று, மக்களைச் சந்தித்து, குறைகளைக் கேட்டு, அறிக்கை எழுதினர்' என்பது நீண்டும் தெளிவாக உள்ளது, நான்கு வினைக்கும் வினைமுதல் ஒன்றே. வினைமுதல் மாறும் இடத்தில் முற்றுவைத்து அடுத்த தொடரைத் தொடங்குவது நலம். எல்லாத் தொடரையும் நறுக்கினால், நன்னூலார் அழகென்று சொன்ன ஓசையுடைமை கெடும்.

4. தொனி

4.1 பொறுப்பு: 'தங்கள் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டுள்ளது' என்ற கடிதத்தில் நிறுத்தியவர் மறைந்துவிடுகிறார். 'தங்கள் ஓய்வூதியத்தை நிறுத்தியுள்ளோம். காரணம் இது' என்றால் அலுவலகம் பொறுப்பேற்கிறது. 'கல்வெட்டு சிதைக்கப்பட்டுள்ளது' என்பதுபோல, செய்தவர் யாரெனத் தெரியாத இடத்துக்குச் செயப்பாட்டுவினை பொருந்தும்.

4.2 மதிப்பு: 'முதலாளி கூறினார், தொழிலாளி கூறினான்.' இத்தொடர்களில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் ஒரு விகுதி ஒருவரை உயர்த்தி, மற்றவரைத் தாழ்த்திவிட்டது. செய்தியிலும் வரலாற்றிலும் இவ்வேற்றுமைக்கு நியாயம் கிடையாது.

5. முடிபு

எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் செய்தவர் யார், எச்சங்கள் அவரையே சேர்கின்றனவா, பெயருக்குள் வினை முடங்கியுள்ளதா, விகுதி எவரையேனும் தாழ்த்துகிறதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். முதல் மூன்று கேள்விகளும் தொடரைச் செம்மையாக்கும். நான்காவதை எந்த இலக்கண விதியும் நமக்காகக் கேட்காது. எழுதுபவரே கேட்டாக வேண்டும்.